ஒன்பதாவது பெயர்

பூந்தமல்லி
12.1.2025

அன்புள்ள ஷாகிதா அண்ணிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்களை நல்ல உடம்போடு வைத்திருக்க வேண்டும் என்று துஆ கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

கையெழுத்தைப் பார்த்து யாரென்று யோசித்திருப்பீர்கள். நான் ஜஹானாரா. மெத்தைக்கடை சாதுல்லாவின் மகள், உங்கள் வீட்டுக்காரர் ஜமீர் அண்ணனின் தங்கை. நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பதினைந்து வயது. இப்போது நாற்பத்தொன்பது. கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன்.

போன மாதம் ஐயப்பன்தாங்கலில் ஒரு நிக்காஹ். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண் வாலாஜாபேட்டைக்காரி. பேச்சுவாக்கில், "எங்க ஷாகிதா பெரியம்மாகூட மொதல்ல பூந்தமல்லியிலதான் வாழ்ந்தாங்க" என்றாள். இலையை மூடிவிட்டு அவளிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். உங்கள் போன் நம்பரைக்கூடக் கொடுத்தாள். கூப்பிடத் தைரியம் வரவில்லை. முகவரியை மட்டும் எழுதிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடு எரிந்து வருகிற ஜூனோடு முப்பத்து நான்கு வருடம் ஆகிறது. ஒன்பது பேரையும் ஒரே வரிசையில் அடக்கினார்கள் அல்லவா, அங்கே நட்டிருந்த பலகைகள் மக்கி விழுந்துவிட்டன. கபரஸ்தானுக்குச் சுவர் கட்டுகிறார்கள். அடையாளம் இல்லாத கபர்களுக்கு அந்தந்தக் குடும்பத்தார் கல் வைத்துக்கொள்ளலாம் என்று ஜமாஅத்தில் சொல்லிவிட்டார்கள். அத்தா 2009இல் மவுத்தானார். சின்ன அண்ணன் கொரோனாவில் போனார். எழுதிக் கொடுக்க மிச்சம் நான்தான்.

அம்மா, ஜமீர் அண்ணன், உங்கள் பெரிய பெண், பையன், சின்ன அண்ணி, அவர்களின் இரண்டு வயதுக் குழந்தை, அத்தாவின் தங்கை, அவர் மகள். எட்டுப் பெயர் எழுதிவிட்டேன். ஒன்பதாவது உங்கள் ஆறு நாள் குழந்தை. மறுநாள் பெயர் வைப்பதாக இருந்தது. ஜமாஅத் ஏட்டில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் மனதில் ஒரு பெயர் வைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். கல்லில் அதை எழுத வேண்டும்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதி அனுப்பினால் போதும் அண்ணி.

என்றும் உங்கள்,
ஜஹானாரா

வாலாஜாபேட்டை
20.2.2025

ஜஹானாராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. அரிசி டப்பாவின் மேல் வைத்திருந்தேன். தினமும் அரிசி எடுக்கும்போது தள்ளி வைப்பேன், பிறகு திரும்ப வைப்பேன். என் மகள் மஹ்ஜபீன், "பதில் போடு, இல்லன்னா கிழிச்சிப் போடு" என்றாள். மகள் என்றால் நான் பெற்றவள் இல்லை. இரண்டாவதாக வாக்கப்பட்ட வீட்டில் எனக்குக் கிடைத்தவள்.

எனக்கு ஒரு பிள்ளை இருந்தது என்பது உங்கள் வீட்டுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. கல்லில் ஓர் இடம் காலியாக இருப்பதால் வந்திருக்கிறது.

எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன். ஐந்து பேரை இழந்தவள் நான். புருஷன், மூன்று பிள்ளைகள், என்னைப் பெற்ற மகள்போல வைத்திருந்த மாமியார். பிள்ளை பெற்ற உடம்பு, மாரில் பால் கட்டிக் காய்ச்சல். பக்கத்து வீட்டில் பாய் போட்டுக் கிடந்தேன். உன் அத்தா வாசலில் நின்று, "வெந்நி அடுப்ப அணைக்காம குளிக்கப் பூட்டா. என் குடும்பத்தையே கொளுத்திட்டா. இவ மொகத்துல நான் முழிக்கக் கூடாது" என்றார். தெருவே கேட்டது. இருபதாம் நாள் என் அண்ணன் வந்து என்னை அழைத்துப்போனார். பஸ்ஸில் ஏறும்வரை உங்கள் தெருவில் ஒருத்திகூட என் கையைப் பிடிக்கவில்லை.

அடுத்த வருடம் மூன்று கடிதம் போட்டேன். மண்ணையாவது வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். பதில் இல்லை.

பெயரைத் தரமாட்டேன். அவளுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

நீ ஒன்று சொல். அன்றைக்கு நான் அடுப்பில் தண்ணீர் ஊற்றினேன். நீ அங்கே நின்றாய். நீ பார்த்தாய். உன் அத்தா கத்தியபோதும் நீ அவர் பின்னால்தான் நின்றாய். ஏன் வாய் திறக்கவில்லை?

ஷாகிதா

பூந்தமல்லி
9.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கம்பெனியில் மின்விசிறி சுற்றினாலும் சுடுகாற்றுதான். உங்களுக்குச் சர்க்கரை, பிரஷர் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் நோன்பு வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் நடந்ததுதான். ஒன்றைக்கூட மறுக்கமாட்டேன்.

அந்த மூன்று கடிதங்களும் வந்தன. அத்தாவுக்குக் கண் மங்கியிருந்ததால் நான்தான் படித்துக் காட்டினேன். மூன்று முறையும் பாதியிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பதில் போடு என்று சொல்லவும் இல்லை, போடாதே என்று சொல்லவும் இல்லை. நானாவது போட்டிருக்கலாம்.

வீட்டு மனையை அப்போதே விற்றுவிட்டோம். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். அத்தா பிறகு மெத்தைக்கடை நடத்தவில்லை. பஞ்சைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவார். பள்ளிவாசலில் பாய் உதறிப் போடுவது, செருப்புகளை வரிசையாக வைப்பது, இதுதான் அவருக்கு வேலை. கடைசி வருடம் படுக்கையில் இருந்தபோது ஒரு சாயங்காலம், "ஜமீர் பொஞ்சாதி இன்னா ஆனாளோ" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

சின்ன அண்ணன் மகன் ஜாகிரை நினைவிருக்கிறதா? அன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருந்ததால் பிழைத்தான். ஆறு வயது. அண்ணன் குவைத்துக்குப் போய்விட்டதால் அவனை நான்தான் வளர்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆனபோதும் கூடவே வந்தான். இப்போது நாற்பது வயது. பட்டாபிராமில் வீடு வாங்கியிருக்கிறான், சென்ட்ரலுக்கு ரயிலில் போய் வருகிறான். ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமையானால் மூன்று பேரும் இங்கேதான் சாப்பாடு.

பெயரைத் தர மனமில்லை என்றால் வேண்டாம் அண்ணி. கல் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவசரமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மஹ்ஜபீனுக்கு என் ஸலாம்.

ஜஹானாரா

வாலாஜாபேட்டை
2.4.2025

ஜஹானாராவுக்கு,

பெருநாள் முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெயிலைப் பற்றி எழுதினாய், என் பிரஷரைப் பற்றி எழுதினாய். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவில்லை.

போன கடிதத்தில் அடுப்பில் தண்ணீர் ஊற்றினேன் என்று உறுதியாக எழுதியிருந்தேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரியாது. ஊற்றியது கண்ணுக்குத் தெரிகிறது. சொய்யென்ற சத்தம் காதில் கேட்கிறது. ஆனால் அது அன்றைக்கு ஊற்றியதா, அதற்கு முந்தின நாள் ஊற்றியதா? எல்லா நாளும் ஊற்றுகிற தண்ணீர்தானே. உன் அத்தா அவ்வளவு உறுதியாகச் சொன்னார். ஊரும் சொன்னது. என் சொந்த அண்ணனே, "தெரியாம நடந்துச்சு, வுடும்மா" என்றுதான் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலில்தான் நானும் நம்பத் தொடங்கினேன்.

மூன்று வருடம் நான் அடுப்பு மூட்டவில்லை. அண்ணன் பெண்டாட்டி சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டேன். பிறகு இவரைக் கட்டிவைத்தார்கள். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை, மனைவி இறந்து கையில் ஒரு பெண் குழந்தை. வந்த முதல் நாளே சொல்லிவிட்டேன்: "என் கையால ஒரு வீடு எரிஞ்சிருக்குது. தெரிஞ்சிக்கங்க." அவர், "இங்க கேஸ் அடுப்புதான்" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. வெளியே கிளம்பினால் கேஸ் மூடினேனா என்று நாலு தடவை திரும்பி உள்ளே போவேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் முகம் சுளித்ததில்லை. அவரும் போய் நாலு வருடம் ஆகிறது.

மூன்று பிள்ளைகளையும் நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டே இன்னொருத்தி பிள்ளைக்குத் தலை வாரிவிட்டேன். எனக்கு அறுபது வயது. மீதி எத்தனை நாள் என்று தெரியாது. நல்லதோ கெட்டதோ, நீ பார்த்ததைச் சொல். நான் அணைக்கவில்லை என்றால் அணைக்கவில்லை என்றே எழுது.

ஷாகிதா

பூந்தமல்லி
20.4.2025

அண்ணிக்கு,

நீங்கள் அணைத்தீர்கள். அன்றைக்குத்தான் அணைத்தீர்கள். நான் பார்த்தேன்.

இந்த இரண்டு வரியை எழுத எனக்கு முப்பத்து நான்கு வருடம் ஆகியிருக்கிறது. மீதியையும் எழுதிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் திரும்ப எழுதமாட்டேன்.

வெள்ளிக்கிழமை. ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். மறுநாள் பெயர் வைப்பதால் நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு. அம்மா குழந்தையைக் குளிப்பாட்டி மாடியில் துணியில் சுற்றி வைத்திருந்தார். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் எல்லாரும் மாடியில்தான் இருந்தார்கள். "அண்ணி குளிக்கிற வெந்நி அடுப்புல தணல் வாரிக்கினு வா. புள்ளைக்கு சாம்பிராணி காட்டணும்" என்று மேலிருந்து குரல் கொடுத்தார். மண்சட்டியோடு கொல்லைக்கு வந்தேன். நீங்கள் வெந்நீரை இறக்கிவிட்டிருந்தீர்கள். "இருக்கிறத எல்லாம் வாரிக்கோ ஜஹா, நான் அணைச்சுட்டு குளிக்கப் போறேன்" என்றீர்கள். நான் வாரிக்கொண்டேன். நீங்கள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினீர்கள். புகை என் முகத்தில் அடித்தது, நான் இருமினேன், நீங்கள் சிரித்தீர்கள். அதன்பிறகுதான் தட்டியைச் சாத்திக்கொண்டீர்கள்.

உங்களுக்கு ஞாபகம் வருகிறதா அண்ணி? வர வேண்டும். அதற்காகத்தான் இருமலைக்கூட எழுதுகிறேன்.

மாடிப்படி பஞ்சு அறையை ஒட்டி இருந்தது அல்லவா. மறுநாள் விருந்தாளிகளுக்காகக் கூடத்திலிருந்த மூட்டைகளையும் அங்கேதான் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். படிவரைக்கும் இலவம் பஞ்சு. நான் முதல் படியில் கால் வைத்தபோது வாசலில், "இன்னாடி, லீவு போட்டுட்டு ஊட்ல குந்திகினுகீற?" என்று குரல் கேட்டது. எதிர்வீட்டுக் கிருஷ்ணப்பிரியா. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள், எனக்கு நோட்டு கொடுக்க வந்திருந்தாள். கையில் சட்டியோடு போனால் சாம்பல் பறக்குமே என்று அதைப் படியோரம் மூட்டை பக்கத்தில் வைத்தேன். ஒரு நிமிடம் என்றுதான் போனேன்.

புதிதாக வந்த கணக்கு வாத்தியாரைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள்தான் என் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, "இன்னாடி அது, உள்ள வெளிச்சமா கீது" என்றாள்.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். படி போய்விட்டது. ஜன்னலில் கம்பி. ஜமீர் அண்ணன் தொழுகையிலிருந்து ஓடிவந்து உள்ளே போனார், வரவில்லை. தீயணைப்பு வண்டி வந்தபோது மேலே சத்தம் நின்றிருந்தது.

மறுநாள் காலை எல்லாரும் மையத்து அடக்கும் வேலையில் இருந்தார்கள். நான் சாம்பலில் நடந்துபோனேன். படி இருந்த இடத்தில் சட்டியின் விளிம்பு கிடந்தது, அரைவட்டமாக. காலால் கரியைத் தள்ளி மூடினேன். அண்ணி, தணலை வைத்தது தெரியாமல் செய்தது. இதைத் தெரிந்தே செய்தேன். அப்போது யாரும் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சாயங்காலம் யாரோ, "கொல்லையில வெந்நி அடுப்பு இருந்துதே" என்றார்கள். அத்தா என் பக்கம் திரும்பி, "அவ அணைச்சாளா?" என்று கேட்டார். நான் "தெரியாது" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடமும் இல்லை. மன்னிப்பு கேட்க எனக்கு வாய் இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்.

ஜஹானாரா

வாலாஜாபேட்டை
14.6.2025

ஜஹானாராவுக்கு,

இன்று என்ன தேதி என்று உனக்குத் தெரியும். அதற்காக இன்று எழுதவில்லை. இன்றுதான் எழுத முடிந்தது.

உன் கடிதத்தைப் படித்தபோது முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. 'நான் இல்லை, நான் இல்லை' என்று சமையலறையில் நின்று வாய்விட்டுச் சொன்னேன். மஹ்ஜபீன் பயந்துபோய் ஓடிவந்தாள். அப்புறம் அவள் வெளியே போனதும் டீ போட்டுக் குடித்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தேன். அங்கே போனபிறகுதான் உறைத்தது, ஒரு தடவைகூடத் திரும்பிப்போய்க் கேஸைப் பார்க்கவில்லை என்று. பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் செத்ததற்கு அழுதேனா, இதற்கு அழுதேனா என்று தெரியவில்லை. அவர் இருக்கும்போது இந்தக் கடிதம் வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

கோபம் அடுத்த வாரம் வந்தது. அதனால்தான் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ தாங்கமாட்டாய்.

இருமல் எனக்கு ஞாபகம் வரவில்லை. ரொம்ப முயற்சி பண்ணிப் பார்த்தேன். நீ சொல்வதால் நம்புகிறேன்.

நன்றாகக் கேட்டுக்கொள். பதினைந்து வயதுப் பிள்ளை வாசலில் தோழி கூப்பிட்டாள் என்று சட்டியைக் கீழே வைத்தாள். அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. அவள் அன்றைக்கே வந்து என் மடியில் விழுந்திருந்தால், அந்தப் பாயில் கிடந்த நிலையிலும் அவள் தலையைத் தடவியிருப்பேன். பயந்து சட்டியை மூடினாள், அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் அவளுக்கு இருபது வயது ஆனது. முப்பது ஆனது. கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, பிள்ளைக்குச் சாம்பிராணியும் காட்டியிருப்பாள். நாற்பது ஆனது. உன் அத்தா படுக்கையில் என்னைப் பற்றிக் கேட்டபோது உனக்கு முப்பத்து மூன்று வயது. அந்த முப்பத்து மூன்று வயதுக்காரியை நான் என்ன செய்வது?

என்ன சொன்னாலும் செய்கிறேன் என்றாய். செய். என் பெயர் எந்தத் தெருவில் கெட்டதோ அந்தத் தெருவில் போய்ச் சொல். என்னைத் திட்டியவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் வீட்டுக்கு நடந்துபோய்ச் சொல். ஜமாஅத்தில் சொல். உன் வீட்டில் சொல். சொல்லிவிட்டு எழுது.

ஷாகிதா

பூந்தமல்லி
3.8.2025

அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன்.

முதலில் என் வீட்டுக்காரரிடம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து முழுவதும் கேட்டார். "இத்தினி வருஷமா என் பக்கத்துலதான இருந்த" என்றார். இப்போதும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஜமாஅத்துக்கு நான் போனபோது கூட வந்தார்.

செயலாளர் பாபு பாய் வயதில் சின்னவர், தீ நடந்தபோது கைக்குழந்தை. "இன்னாமா நீங்க, முப்பது வருஷத்துக்கு மேல ஆயிப்போச்சு. எல்லாம் அல்லாவோட நாட்டம். இப்ப போய் கிளறிக்கினு" என்றார். நான் எழுதியே கொடுத்தேன். ஷாகிதா பேகம் மீது எந்தத் தவறும் இல்லை, காரணம் நான் என்று. வாங்கி ஏட்டில் வைத்துக்கொண்டார்.

தெருவில் அந்தக் காலத்து ஆட்கள் நாலு வீட்டில்தான் இருக்கிறார்கள். நாலு வீட்டுக்கும் போனேன். எதிர்வீட்டுப் பொன்னம்மாள் அக்கா, கிருஷ்ணப்பிரியாவின் அம்மா, இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வாசலில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு முறை சொன்னபிறகு அவருக்குப் புரிந்தது. "அந்தப் பொண்ண நான்கூட ஏசினேனேடி" என்று மாரில் அடித்துக்கொண்டார். உங்களிடம் இதைச் சொல்லச் சொன்னார்.

கிருஷ்ணப்பிரியா திருவேற்காட்டில் இருக்கிறாள். அவளிடம் சொன்னது சரிதானா என்று தெரியவில்லை. "அப்ப நான் கூப்பிட்டதாலதானா?" என்று கேட்டாள். இல்லையடி என்றேன். நம்பவில்லை. என் பாரத்தில் கொஞ்சத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டு வந்ததுபோல் இருக்கிறது.

கடைசியாக ஜாகிர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். குழந்தையை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டுச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். பிறகு, "சின்ன வயசுல எங்கம்மா எப்டி செத்தாங்கன்னு உன்ன எவ்ளோ தடவ கேட்டிருப்பேன் அத்தே? நீ இன்னா சொன்ன?" என்றான்.

நான் சொன்னேன்: "பெரியம்மா வெந்நி அடுப்ப அணைக்கலன்னு சொன்னேன்."

"உன் வாயால சொன்ன."

"ஆமாண்டா."

"நானும் அவங்கள அப்டியே திட்டிக்கினே வளர்ந்தேன்."

எழுந்து பெண்டாட்டி பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விட்டான். இலையில் சோறு அப்படியே இருந்தது. ஐந்து வாரம் ஆகிறது. போன் எடுப்பதில்லை. பட்டாபிராமுக்குப் போனேன். மருமகள் வாசலிலேயே, "கொஞ்ச நாள் போகட்டும் அத்தே" என்றாள். குழந்தை உள்ளிருந்து என் குரலைக் கேட்டுக் கூப்பிட்டது.

இதையெல்லாம் நீங்கள் இரக்கப்பட வேண்டும் என்று எழுதவில்லை. சொல்லிவிட்டு எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன்.

ஜஹானாரா

வாலாஜாபேட்டை
21.9.2025

ஜஹானாராவுக்கு,

ஸலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும், தாடி, கையில் பழப்பை. யாரென்று கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நெற்றியும் புருவமும் அப்படியே சின்னவள் ஜாடை. உன் சின்ன அண்ணியும் நானும் ஒரே வீட்டில் ஏழு வருடம் ஒன்றாகச் சமைத்தவர்கள். அவள் முகம் எனக்கு மறந்துபோயிருந்தது. அவனைப் பார்த்தபிறகுதான் திரும்ப வந்தது.

"பெரியம்மா, நான் ஜாகிர்" என்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே, "உங்கள நான் ரொம்ப ஏசியிருக்கேன்" என்றான். "ஆறு வயசுப் புள்ளைக்கு ஏசறதுக்கு யாராவது வேணும்ல" என்றேன். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தான்.

சாயங்காலம்வரை இருந்தான். அவன் அம்மாவைப் பற்றிக் கேட்டான். அவள் சத்தமாகச் சிரிப்பாள் என்றும், உப்பு எப்போதும் கூடப் போடுவாள் என்றும், அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது தெருமுனைவரை பின்னாலேயே வருவாள் என்றும் சொன்னேன். இதையெல்லாம் அவனுக்குச் சொல்ல யாரும் இல்லாமல் இருந்திருக்கிறது. நீ சொல்லியிருக்கலாம். பேச்சு தீயில் போய் முடியும் என்று நீ அவளைப் பற்றியே பேசாமல் விட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். சரிதானா?

கிளம்பும்போது, "அத்தைய நான் இன்னா பண்றது பெரியம்மா?" என்று கேட்டான். இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். நானே மன்னித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை, அவனுக்கு எப்படிச் சொல்வது என்றேன். ஆனால் நீ எழுதாத ஒன்றை அவனிடம் சொன்னேன். அன்றைக்கு நான் ஈரத்துணியோடு கொல்லையிலிருந்து ஓடிவந்தபோது நீ நிலைப்படிக்குள் இருந்தாய். இரண்டு ஆண்கள் உன் தாவணியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். தாவணி கிழிந்து திரும்பவும் உள்ளே ஓடினாய். மறுபடியும் இழுத்துப் போட்டார்கள். இத்தனை வருடம் அதை நான் உன் கணக்கில் எண்ணிப் பார்த்ததே இல்லை. இதை ஏன் நீ எழுதவில்லை என்று தெரியவில்லை. எழுதாமல் விட்டது நல்லது. எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அவனை வளர்த்தது பொய் இல்லை என்றும் சொன்னேன். அதை அவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்பது அவன் பாடு. நான் உனக்காகக் கெஞ்சவில்லை, அதையும் தெரிந்துகொள்.

அக்டோபர் நாலாம் தேதி சனிக்கிழமை பூந்தமல்லிக்கு வருகிறேன். ஜாகிர் வண்டி கொண்டுவந்து அழைத்துப்போகிறான். பெண்கள் கபரஸ்தானுக்குள் போவதற்கு பாபு பாயிடம் அவனே பேசிவிட்டான். பிள்ளைகளின் மண்ணை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறேன். போகிற வழியில் அந்தப் பழைய தெருவையும் காட்டச் சொல்லியிருக்கிறேன். பொன்னம்மாள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன்.

அன்றைக்கு நீ வராதே. உன்னைப் பார்த்தால் அழுவேனா, கை ஓங்குவேனா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டுமே வேண்டாம்.

பெயரை ஜாகிரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்காரரிடம் அவன் கொடுத்துவிட்டான். உனக்கு எழுதலாம் என்று இரண்டு முறை பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போ. வரிசையில் கடைசிக் கல். போய்ப் படித்துக்கொள்.

அண்ணி